கேரியர் 300 கிலோ தாங்கும், வண்டி தாங்குமா?

கேள்வி: என்னிடம் 1995ஆம் ஆண்டின் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 இருக்கிறது. 300 டிடிஐ என்ற டீசல் இன்ஜின், ஸ்டேஷன் வேகன் பாடி. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் மூன்று வாரப் பயணம் போகிறோம். பாதி தூரம் மண்பாதையும் ஆற்றுப்படுகையும் மலைத்தடமும்தான். உள்ளே இடம் போதாததால் கூரையில் இரும்புக் கேரியர் பொருத்தியிருக்கிறேன். பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னியால் கீல் பக்கம் விரிசல் விட்டுவிட்டது, அதனால் ஸ்டெப்னியும் மேலே போகிறது. கூடவே 20 லிட்டர் டீசல் கேன் இரண்டு, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, விரித்துப் படுக்கும் கூரைக் கூடாரம், நெட்டை ஜாக், மணலில் போடும் தகடுகள், மண்வெட்டி. கேரியர் 300 கிலோ தாங்கும் என்று விற்றவர் சொன்னார். டிஃபெண்டர் கூரைக்கு நிறுவனமே 300 கிலோ கொடுத்திருக்கிறது என்று நண்பரும் சொல்கிறார். வண்டியின் கையேடு என்னிடம் இல்லை. தைரியமாக ஏற்றலாமா? தேவைப்பட்டால் கனமான ஸ்பிரிங் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் தூக்கவும் தயார். விளிம்பில் கவ்வும் கால்களுக்குப் பதில் கூரையிலேயே துளையிட்டு போல்ட் போட்டால் இன்னும் உறுதியாக இருக்குமா?

பதில்:

இந்தப் பட்டியலோடு கிளம்ப வேண்டாம். பயணத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை உங்களோடு வரலாம், ஆனால் கூரையில் வரக் கூடாது.

முதலில் விற்றவரும் நண்பரும் சொன்ன அந்த இரண்டு 300 கிலோவையும் பார்த்துவிடுவோம்.

கேரியர் விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது கேரியரின் பலம். அந்த இரும்புச் சட்டத்தின் மேல் 300 கிலோவை வைத்தால் அது வளையாது, வெல்டிங் விட்டுப்போகாது, அவ்வளவுதான். அதன் கால்கள் எந்தத் தகட்டின் மேல் நிற்கின்றன, அந்தத் தகடு எத்தனை மழை பார்த்தது என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது, வரவும் முடியாது. கேரியர், கவ்வும் கால்கள், கூரை விளிம்பு, கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்கள், ஸ்பிரிங், டயர் என்று சுமை தரைக்கு இறங்கும் வழியில் எது எல்லாவற்றையும்விடக் குறைவாகத் தாங்குகிறதோ அதுதான் உங்கள் எண். அந்த வரிசையில் கேரியர் அநேகமாக எப்போதும் பலசாலி. அதனால் அதன் எண்ணை வைத்து முடிவெடுப்பதில் பயனில்லை.

நண்பர் சொன்ன 300 எங்கிருந்து வந்தது என்றும் புரிகிறது. உங்களுடையதைப் போன்ற டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றது. அதே பெயரில் 2019இல் அறிமுகமான புதிய வண்டிக்கு, நிற்கும்போது 300 கிலோ, ஓடும்போது 168 கிலோ என்று நிறுவனம் சொல்கிறது. இரண்டு வண்டிகளுக்கும் பெயர்தான் பொது. புதியது சேசிஸும் பாடியும் ஒன்றாக அமைந்த அலுமினியக் கூடு. உங்களுடையது இரும்பு ஏணிச் சேசிஸின் மேல் அலுமினியத் தகடுகளை இரும்புச் சட்டங்களோடு போல்ட்டும் ரிவெட்டும் போட்டுச் சேர்த்த பாடி. சரி, அந்தப் புது வண்டிக்கே ஓடும்போது 168தான் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

நிற்கும் சுமை, ஓடும் சுமை என்று ஏன் இரண்டு எண்கள்? நிற்கும் வண்டியில் 250 கிலோ என்றால் 250 கிலோதான், நேராகக் கீழே அழுத்தும். ஓடும் வண்டியில் அப்படி இல்லை. பள்ளத்தில் விழுந்து எழும் கணத்தில் மேலே இருக்கும் பொருள் தன் எடையைப் போல இரண்டு மடங்குகூட அழுத்தலாம். மேட்டைத் தாண்டி வண்டி கீழே அமரும்போது அதே பொருள் கேரியரை மேல்நோக்கி இழுக்கும். பிரேக் பிடித்தால் முன்னால் தள்ளும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் பக்கவாட்டில் தள்ளும். அலை அலையாக வரி விழுந்த மண்பாதையில் இந்த ஆட்டம் ஒரு கிலோமீட்டருக்குள் ஆயிரம் தடவையாவது நடக்கும். உலோகம் ஒரே பெரிய அடியில் உடைவதைவிட இப்படிச் சிறு சிறு அசைவுகளில் களைத்துப்போய் விரிசல் விடுவதுதான் அதிகம். அலுமினியம் இந்த விஷயத்தில் இரும்பைவிட மோசம். கேரியர் தயாரிப்பவர்களில் பலர் தார்ச்சாலைக்கு ஒரு எண்ணும், கரடுமுரடான பாதைக்கு அதை ஒன்றரையால் வகுத்த எண்ணும் கொடுப்பது இதனால்தான். சாலையில் 150 என்றால் மண்பாதையில் 100.

கையேடு இல்லை என்கிறீர்கள். உங்கள் ஆண்டுக்கும் பாடி வகைக்கும் உரிய கையேட்டின் நகலைத் தேடிப் பிடியுங்கள். வேறு ஆண்டுக்கு, வேறு பாடிக்கு உள்ள எண்ணைக் கடன் வாங்காதீர்கள். அதில் கூரைச் சுமை என்று போட்டிருப்பது கேரியரின் எடையையும் சேர்த்துத்தான். இதை மறந்துவிடுபவர்கள் நிறைய. நகல் கைக்கு வரும்வரை, இந்த வயது வண்டிகளுக்கு மண்பாதையில் நான் வைத்துக்கொள்ளும் உச்சவரம்பு கேரியரோடு சேர்த்து 100 கிலோ, அதுவும் கூரை விளிம்பு நல்ல நிலையில் இருந்தால். கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேடு சொல்வதே சரி.

இப்போது உங்கள் பட்டியலை எடைபோட்டுப் பார்ப்போம். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.84 கிலோ. 20 லிட்டர் டீசலோடு இரும்புக் கேனின் எடை 21 கிலோ, இரண்டு கேனுக்கு 42. தண்ணீர் கேன் இரண்டும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து 43. இரும்பு ரிம்மோடு உங்கள் அளவு டயர் 35. கூடாரம் 60 (கெட்டி மூடி வைத்ததென்றால் இன்னும் கூடும்). ஜாக் 13. தகடுகளும் மண்வெட்டியும் 12. இரும்புக் கேரியர் 45 இருக்கும். மொத்தம் 250 கிலோ. ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைக்கும்போது இது தெரியாது. வீட்டுத் தராசில் ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள், என் எண்களில் சில கிலோ முன்பின் இருக்கலாம்.

இந்த 250 கிலோவால் வரும் முதல் ஆபத்து கூரை நசுங்குவது அல்ல, வண்டி கவிழ்வது. உங்கள் வண்டியின் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் 1,486 மில்லிமீட்டர். உயரமோ இரண்டு மீட்டரைத் தாண்டும். பிறவியிலேயே ஒடுக்கமும் உயரமுமான வண்டி. கணக்குக்காக, ஆட்களோடும் உள்ளே இருக்கும் சாமான்களோடும் வண்டி 2,400 கிலோ என்றும் அதன் எடைமையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூரைச் சுமையின் மையம் 2.2 மீட்டரில் வரும். 250 கிலோவை ஏற்றியதும் எடைமையம் 93 சென்டிமீட்டருக்கு ஏறிவிடுகிறது. 13 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஸ்பிரிங்கும் டயரும் அமுங்கவே அமுங்காத ஒரு கற்பனை வண்டியில், பக்கவாட்டில் சாய்ந்து கவிழும் கோணம் 43 டிகிரியிலிருந்து 39க்கும் கீழே வந்துவிடும். நிஜ வண்டியில் ஸ்பிரிங் அமுங்கும், டயர் பிதுங்கும், மேலே கட்டிய சுமையும் கொஞ்சம் நகரும். அதனால் நிஜக் கோணம் இதைவிடக் குறைவு, சுமையால் வரும் இழப்பு இதைவிட அதிகம்.

வளைவில் நடப்பது இன்னும் மோசம். இரண்டு ஆக்சிலுக்கும் மேலே பாடி பக்கவாட்டில் ஆடுவதற்கு ஓர் அச்சு உண்டு. உங்கள் வண்டியில் அது தரையிலிருந்து அரை மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும். பாடியின் சொந்த எடைமையம் அந்த அச்சுக்கு 40 சென்டிமீட்டர் மேலே என்றால், கூரைச் சுமை அதே அச்சுக்கு 165 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. கூரையில் ஒரு கிலோ, வண்டிக்குள் நாலு கிலோ செய்யும் வேலையைச் செய்கிறது. மொத்த எடை பத்து சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் திருப்பத்தில் பாடியைச் சாய்க்கும் விசை பாதிக்குப் பாதி கூடிவிடுகிறது. தலையில் நிறைகுடம் வைத்துக்கொண்டு நேராக நடப்பவர் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டார். வண்டிக்கு அந்த நிதானம் கிடையாது. மாடு குறுக்கே வந்தால் நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிப்பீர்கள், மறுபடி நேராக்க எதிர்ப்பக்கம் ஒடிப்பீர்கள். பல வண்டிகள் கவிழ்வது முதல் ஒடிப்பில் அல்ல, இரண்டாவதில்.

இதெல்லாம் புது வண்டிக்கும் பொருந்தும். உங்கள் வண்டிக்கு 30 வயது, அதற்கென்று தனிக் கவலைகள் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

கேரியரைக் கழற்றிக் கீழே வையுங்கள். கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் வடிய விட்டிருக்கும் பள்ள விளிம்புதான் எல்லாச் சுமையையும் முதலில் வாங்குகிறது. அதில் பூசியிருக்கும் பழைய சீலன்ட் எங்கெல்லாம் உப்பியிருக்கிறதோ அங்கெல்லாம் மொட்டைக் கத்தியால் சுரண்டுங்கள். அடியில் வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கிறது. இரும்பும் அலுமினியமும் ஒட்டி நிற்கிற இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் தின்னப்படும். கேரியர் கால் நின்ற இடங்களில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறதா, விளிம்பு கீழ்நோக்கி மடங்கியிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவு விரலுக்குத் தெரியும்.

உள்ளே வாருங்கள். கூரைத் துணியின் ஓரங்களில் தண்ணீர்க் கறை இருக்கிறதா? முன்கண்ணாடிச் சட்டம் கீழே அமரும் இரண்டு மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் இரும்புத் தடுப்புச்சுவர் மேல்மூலைகளிலும் கால் வைக்கும் இடத்திலும் துருப்பிடிப்பது இந்த வண்டியின் பழைய நோய். அதேபோல நடு பில்லரின் அடிப்பாகம். மேலிருந்து இறங்கும் சுமை பில்லர் வழியாகக் கீழே வந்து நிற்கும் இடம் அது. அங்கே பட்டி பூசி பெயிண்ட் அடித்து மறைத்திருப்பது சாதாரணம். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லையென்றால் அடியில் இருப்பது இரும்பல்ல, பட்டி. (பில்லருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. வெளித் தகடுகள் அலுமினியம், காந்தம் எப்படியும் ஒட்டாது.)

இன்னொரு எளிய சோதனை. வெறும் கூரையோடு நான்கு கதவுகளின் மேல் இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேரியரை மாட்டி, ஏற்ற நினைக்கும் சுமையை ஏற்றி, ஒரு பக்கத்து முன்சக்கரத்தை ஒரு கட்டையின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். இப்போது கதவுகளைத் திறந்து மூடுங்கள். ஏதாவது கதவு உரசினால், அல்லது இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினால், பாடி முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சுமை உங்கள் வண்டிக்கு அதிகம். எந்தக் கையேட்டு எண்ணும் இதற்குமேல் பேச முடியாது.

கீழே புஷ்களை, அதாவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகளை, பார்க்க வேண்டும். முன் ஆக்சிலைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் புஷ், குறுக்குக் கம்பியான பேனார்ட் ராடின் புஷ், பின் ஆக்சிலின் நடுவே இருக்கும் ஏ-ஃபிரேம் பால் ஜாயின்ட். இவற்றில் ஆட்டம் இருந்தால் உயரச் சுமையோடு வண்டி சாலையில் அலையும், ஸ்டியரிங் பழுதென்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். டயரின் பக்கச்சுவரில் வாரமும் ஆண்டுமாக நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். ரப்பர் பட்டை எவ்வளவு ஆழம் இருந்தாலும் பத்து வயது டயரோடு இந்தப் பயணம் வேண்டாம். பக்கத்திலேயே சுமை எண்ணும் இருக்கும். 112 என்றால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள்.

சரி, பொருட்களை எங்கே வைப்பது?

தண்ணீர்தான் சுலபம். இரண்டாம் வரிசை இருக்கைக்குப் பின்னால், சக்கரப் பெட்டிகளுக்கு நடுவே, தரையோடு தரையாக இரண்டு கேனும் நிற்கும். இருக்கையின் முதுகை ஒட்டி, பெல்ட் போட்டுக் கட்டுங்கள். 43 கிலோ தண்ணீர் பிரேக் பிடிக்கும்போது பிள்ளைகளின் முதுகில் வந்து மோதக் கூடாது.

டீசலைப் பற்றி முதலில் ஒரு கேள்வி: அது தேவையா? உங்கள் தொட்டி 80 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மோசமான பாதையில் லிட்டருக்கு 7 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். உங்கள் வழியில் அதைவிட நீண்ட தூரம் எரிபொருள் கிடைக்காத பகுதி இருக்கிறதா என்று வரைபடத்தை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் கேன்களை வீட்டில் விட்டுவிடலாம். இருந்தால், பக்கவாட்டில் பொருத்தும் கூடுதல் தொட்டிதான் நல்ல தீர்வு. அதுவும் முடியாதென்றால் ஒரே ஒரு கேனை, அந்த ஒரு பகுதிக்கு மட்டும், கூரையின் நடுவில் நிறுத்திக் கட்டி எடுத்துப் போங்கள். தொட்டியில் 20 லிட்டர் இடம் வந்ததும் ஊற்றிவிடுங்கள். காலிக் கேன் கூரையில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வரலாம். எரிபொருள் கேனை உட்காரும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், பிள்ளைகள் நாள் முழுக்க அந்த ஆவியை மூச்சில் இழுக்க வேண்டியிருக்கும். வெயிலில் டீசல் விரியும் என்பதால் வாய்வரை நிரப்பவும் வேண்டாம்.

ஸ்டெப்னியைக் கூரைக்கு அனுப்பியதன் காரணம் நியாயமானது. இந்த வண்டியின் பின்கதவு ஸ்டெப்னியின் கனத்தில் விரிசல் விடுவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் பஞ்சர் ஆன இடத்தில், சரிவில், ஒருவேளை மழையில், 35 கிலோ டயரைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்து நீங்கள் தனியாக இறக்க வேண்டும். பழைய டயரை மறுபடி மேலே ஏற்றவும் வேண்டும். முதுகுபிடிப்போடு மீதிப் பயணம் போனவர்களை நான் அறிவேன். கதவில் தொங்காமல், பின்பக்கச் சட்டத்தில் எடையை இறக்கி, கதவோடு சேர்ந்து திறக்கிற தனித் தாங்கிகள் இந்த வண்டிக்கென்றே செய்கிறார்கள். கதவு விரிசலை நல்ல டிங்கர் ஒருவரிடம் கொடுத்து அடைத்துவிட்டு அதைப் பொருத்துங்கள். இந்தப் பயணத்துக்கு நீங்கள் செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜாக்கை உள்ளே தரையில் படுக்கவைத்துக் கட்டுங்கள். கேரியரின் பக்கவாட்டில் மாட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். 13 கிலோ இரும்பு இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரே பக்கமாகத் தொங்குவதால் வேறு லாபம் எதுவும் இல்லை. அதன் பற்களில் மண் அடைந்து, தேவைப்படும் நேரத்தில் ஓடாது.

மிச்சம் இருப்பது கூடாரம். 100 கிலோவில் இரும்புக் கேரியரே 45ஐத் தின்றுவிட்டது. 60 கிலோ கூடாரத்தை வைத்தாலே வரம்பு தாண்டிவிடும். ஆக இரண்டு வழிகள். ஒன்று, இரும்புக் கேரியரை விற்றுவிட்டு 28 கிலோ சுமாருக்கு வரும் அலுமினியக் கேரியர் வாங்குவது. அப்போது கூடாரத்தோடு 88. மணல் தகடுகள் பிளாஸ்டிக்கில் இருந்தால் அவையும் மண்வெட்டியும் 10 கிலோவுக்குள் அடங்கும். கூரை அதோடு நிறைந்துவிட்டது, ஒரு பை கூட மேலே போகக் கூடாது. இன்னொன்று, கூரைக் கூடாரத்தை விட்டுவிட்டு நால்வர் படுக்கும் தரைக் கூடாரம் எடுத்துக்கொள்வது. 10 கிலோ இருக்கும். இருக்கிற இரும்புக் கேரியரே போதும். படுக்கை, துணிப்பை, தகடுகள் என்று இடத்தை அடைக்கும், எடை இல்லாத பொருட்கள் எல்லாம் மேலே போய்விடும், உள்ளே தாராளமாக இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். கூரைக் கூடாரத்தின் சுகத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் இந்த வண்டியில் அந்த சுகத்துக்குக் கொடுக்கும் விலை பகல் முழுக்க 60 கிலோவை உச்சியில் சுமப்பது. முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் அதில் நீங்கள் இருவர் மட்டும் படுங்கள், வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி.

கனமான ஸ்பிரிங் யோசனையைத் தள்ளிவைக்கிறேன். ஸ்பிரிங் மாற்றினால் பின்பக்கம் தொய்வது நிற்கும், வளைவில் சாய்வதும் கொஞ்சம் குறையும். எடைமையம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கீழே வராது. இரண்டு அங்குலம் தூக்கினால் பாடி முழுவதும் ஐந்து சென்டிமீட்டர் மேலே போகிறது, அதாவது கூரையிலிருந்து இறக்கிய சுமையால் கிடைத்த பலனில் ஒரு பங்கை நீங்களே திருப்பிக் கொடுக்கிறீர்கள். சாய்வு குறைவாகத் தெரிவதால் வேகமும் தானாகக் கூடும், அதுதான் எனக்குப் பெரிய பயம். தொய்ந்துபோன பழைய ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதே உயரத்துப் புது ஸ்பிரிங் என்றால் சரி. அதையும் எடைமேடையில் நிறுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

கூரையில் துளை போடுவது கூடவே கூடாது. உங்கள் கூரையின் நடுப்பகுதி மெல்லிய அலுமினியத் தகடு, அது மழையை மறைக்கத்தான் இருக்கிறது. பக்கச் சுவர்களுக்கு நேர் மேலே இருப்பதால் ஓர விளிம்புதான் எடையைக் கீழே அனுப்பத் தோதான இடம். நடுவில் போல்ட் போட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் தகடு மேலும் கீழும் மூச்சுவிடும், துளையைச் சுற்றி நட்சத்திரமாக விரிசல் ஓடும், இரும்பு போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரிக்கும், பிறகு தலையில் தண்ணீர் சொட்டும். உறுதி வேண்டுமென்றால் கால்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நான்கு அல்லது ஆறு கால் கேரியர் என்றால் இந்த நீள வண்டிக்குப் போதாது, குறைந்தது எட்டுக் கால்கள் வேண்டும். ஒவ்வொரு காலும் விளிம்பில் அகலமாக அமர வேண்டும், அடியில் ரப்பர் இருக்க வேண்டும். சில கேரியர்களில் முன்கால்கள் முன்கண்ணாடிச் சட்டத்தின் கீல் பக்கம் வரை இறங்கி நிற்கும். அப்படிப்பட்டது கிடைத்தால் நல்லது.

மாட்டிய பிறகு முதல் 50 கிலோமீட்டர் மண்பாதை முடிந்ததும் எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், அப்புறம் தினமும் காலையில். கனமானது எதுவானாலும் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், கேரியரின் தரையோடு ஒட்டி இருக்கட்டும். பெல்ட்டைக் கேரியரின் சட்டத்தில் கட்டுங்கள், கூரை விளிம்பில் அல்ல. முன்னால் நகராமல் இருக்கத் தனியாக ஒரு பெல்ட் வேண்டும், ஏனென்றால் சாலையில் அழுத்தி பிரேக் பிடித்தால் 50 கிலோ மூட்டை தன் எடைக்குக் கொஞ்சம் குறைவான விசையோடு முன்னால் பாயும். தார்ப்பாயின் முன்ஓரத்தை நன்றாக உள்ளே மடித்துவிடுங்கள். காற்று ஒருமுறை உள்ளே புகுந்தால் கிழித்துவிடும்.

ஓட்டுவதில் ஒன்றுதான் முக்கியம்: சரிவின் குறுக்கே போகாதீர்கள். மேட்டை நேராக ஏறி நேராக இறங்குங்கள். குறுக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இறங்கி நடந்து பாருங்கள். பள்ளப் பக்கத்துச் சக்கரம் குழியில் இறங்குவதும் மேட்டுப் பக்கத்துச் சக்கரம் கல்லின் மேல் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் வண்டி கவிழ்ந்துவிடும். அப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் கூரையில் இருப்பதை இறக்கி, கையில் சுமந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறும் வண்டியை ஓட்டிக் கடந்துவிடுங்கள். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். வழுக்கிச் சாய ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை இறக்கத்தின் பக்கம் திருப்புங்கள். மேட்டுப் பக்கம் திருப்பத்தான் மனம் சொல்லும், அதைக் கேட்காதீர்கள்.

கேரியரோடும் சுமையோடும் சேர்த்து வண்டியின் மொத்த உயரத்தை அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தாழ்ந்த கிளைக்கும் சுரங்கப் பாலத்துக்கும் முன்னால் நின்று மனக்கணக்குப் போட நேரம் இருக்காது.

பொருட்களை மாற்றி அடுக்கிய பிறகு நால்வரும் உட்கார்ந்து, தொட்டியை நிரப்பி, எடைமேடைக்குப் போங்கள். முன் ஆக்சிலைத் தனியாக, பின் ஆக்சிலைத் தனியாக, பிறகு முழு வண்டியை என்று மூன்று சீட்டு வாங்குங்கள். இந்த வண்டியின் சாதாரண ஸ்பிரிங் வகைக்கு மொத்த எடை வரம்பு 3,050 கிலோ. பின்னால் தானாக மட்டம் சரிசெய்யும் அமைப்பு இருந்தால் வரம்பு அதைவிடக் குறைவு. எது உங்களுடையது என்பது வண்டித் தகட்டில் பொறித்திருக்கும், ஆக்சில் வரம்புகளும் அதிலேயே உண்டு. அந்த மூன்று எண்களையும் தகட்டின் படத்தையும் அனுப்பிவையுங்கள். ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா, டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.